இரண்டு கரையிலும் அடுப்பு

புன்னைக்குப்பத்தில் ஒரு வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கூரைக்கு மேலே பார்ப்பார்கள். காலையிலும் சாயங்காலமும் புகை எழுந்தால் அது குடும்பம். எழாவிட்டால் வெறும் கூரை. வெறும் கூரைக்குப் பாடு கிடையாது.

பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டின்மேல் இருக்கிற ஊர் அது. ஏரியில் எறா, அதாவது இறால், ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே வலை கட்ட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று ஊர் கூடி முறை வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் சில பேர் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டு, தங்கள் முறையை வெளியூர்க்காரனுக்கு விட்டு, உட்கார்ந்த இடத்தில் தின்றார்களாம். அப்போது வந்ததுதான் அடுப்புச் சட்டம். அடுப்பு எரிகிற வீட்டுக்கே பாடு.

நல்ல சட்டம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏரிக்கு இந்தக் கரையில் சர்க்கார் போட்ட சட்டமும் நல்ல சட்டம்தான். இந்த இரண்டு நல்ல சட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் இந்திராணி.

நான் மஸூதா. பழவேற்காட்டுக்காரி. காட்டூர் போகிற ரோட்டில், ஏரிக்கரை மேட்டில் சர்க்கார் கட்டிய காலனியில் பால்வாடி டீச்சராக இருந்தேன். எனக்குப் பொறுமையை அளக்க அல்லா மறந்துவிட்டான். என் பங்கையும் சேர்த்து இந்திராணிக்கு அளந்துவிட்டான் போலிருக்கிறது. அவள் பொறுமையைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் எரிச்சல் வரும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் கடல் புன்னைக்குப்பத்துக்குள் வந்தது. இந்திராணிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கடலோர வரிசையில் வீடு. தண்ணீர் கூரையைத் தூக்கியபோது அவள் புருஷன் கோதண்டம் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து மரத்தில் ஏற்றினான். அவனுடைய அம்மாவைப் பிடிக்க அவனுக்கு இன்னொரு கை இல்லை. விடிந்து பார்த்தால் அந்த வரிசையே இல்லை. வரிசை இருந்த இடத்தில் கடல் இருந்தது, அப்புறம் அது திரும்பிப் போகவும் இல்லை.

வீடு இழந்தவர்களுக்கு இந்தக் கரையில் காங்கிரீட் கூரை போட்ட ஒற்றை அறை வீடு கிடைத்தது. மேட்டு நிலம், கெட்டிச் சுவர். சிலர் வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டுத் திட்டுக்கே திரும்பியதால் சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது. ஆள் குடியிருக்க வேண்டும். பூட்டிக் கிடந்தால் வீடு வேறு ஆளுக்குப் போகும். சரிபார்க்க மாதத்துக்கு ஒரு தரம் ஒருவர் சைக்கிளில் வருவார். அவரும் வேறு எதையும் பார்க்க மாட்டார். உள்ளே போய், குனிந்து, அடுப்புச் சாம்பலில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

ஆக, அந்தக் கரையில் அடுப்பு அணைந்தால் சோறு போகும். இந்தக் கரையில் அடுப்பு அணைந்தால் வீடு போகும். மற்றக் குடும்பங்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. மாமியாரைத் திட்டில் அடுப்பு மூட்ட விட்டுவிட்டுப் பெண்கள் புருஷனோடு இங்கே வந்துவிட்டார்கள். மாமியார் இல்லையே என்று ஏங்கிய ஒரே மருமகளை நான் இந்திராணியிடம்தான் கண்டேன்.

வீடே வேண்டாம் என்று உதறிவிட்டு அவனோடு போய் மணலில் இருந்திருக்கலாம். அவள் தயார். கோதண்டம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தரம் முடியைப் பிடித்துத் தூக்கியாகிவிட்டது, அடுத்த தரம் கைக்கு முடி கிடைக்குமோ கிடைக்காதோ என்று அவனுக்குப் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் அவன் பகலில் வருவான். ஏரியில் வேலை முடிந்ததும் படகை இந்தக் கரையில் ஏற்றிவிட்டு, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, சாயங்கால அடுப்பை மூட்டத் திட்டில் போட்டிருந்த குடிசைக்குத் திரும்பிப் போய்விடுவான். வருஷக்கணக்காக இப்படித்தான். காலனிப் பெண்கள் அவனுக்குப் பகல் புருஷன் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை எப்போது என்று வேறு கேட்பார்கள். பகல் நேரத்தில் ஒற்றை அறை வீட்டுக் கதவைச் சாத்தினால் காலனியே வாசலில் வந்து நின்று, என்ன உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கும். இந்திராணி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து வைப்பாள்.

சாயங்காலம் ஆனால் அவள் என் பால்வாடிப் பக்கம் வந்து நிற்பாள். அங்கிருந்து திட்டு நன்றாகத் தெரியும். சவுக்குத் தோப்புக்கு மேலே ஒவ்வொன்றாகப் புகை எழும். அதில் அவனுடையது எது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளில் எனக்கும் தெரிந்துவிட்டது. ஈர விறகை அடுப்பில் திணித்து ஊதத் தெரியாமல் ஊதுகிற ஆம்பிளையின் புகை. மற்றதெல்லாம் வெள்ளையாகப் போகும், அது மட்டும் கறுப்பாகத் திணறும்.

"பாரு டீச்சர், கண்ணு எரிஞ்சிகினு கீறாரு," என்பாள். அப்புறம் ஓடிப்போய்த் தன் அடுப்பை மூட்டுவாள். அங்கிருந்து அவனும் பார்க்கிறான் என்பது அவள் நம்பிக்கை. இரண்டு பேரும் இரண்டு கரையில் ஒரே நேரத்தில் சோறாக்கித் தனித்தனியாகத் தின்றார்கள். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். எனக்காவது நடுவில் ஒரு சமுத்திரம் கிடந்தது. இவளுக்கு வெறும் ஏரி, அதிலும் பாதி தூரம் இடுப்பளவுத் தண்ணீர்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. மீதிக் குடும்பங்களுக்கும் வீடு கட்டி, கரையில் ஒரு படகுத்துறை போட்டால் ஊரே அடுப்போடு இந்தப் பக்கம் வந்துவிடும் என்று ஊர்த்தலைவர் சிங்காரம் சொல்லியிருந்தார். ஊர் வந்தால் சட்டமும் கூட வரும். இந்தக் கரையில் எரிகிற ஒரே அடுப்பு போதும். இல்லையென்றால் திட்டுக்கு ஒரு பாலம் போட்டாலும் சரி. புயல் என்றதும் நடந்து வந்துவிடலாம், அவளும் அங்கேயே அவனோடு இருக்கலாம். ஏதாவது ஒன்று நடந்தால் போதும்.

ஒன்றும் நடக்கவில்லை. ஊரே காலனிக்கு வரப் போகிறது என்றால் பாலம் யாருக்கு என்று ரோடு இலாகா கேட்டது. பாலம் வந்தால் ஊர் அங்கேயே இருக்குமே, மீதி வீடு எதற்கு என்று வீட்டு இலாகா கேட்டது. ஊர் எங்கே இருக்கும் என்று இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு சொல்லுங்கள், அங்கே படகுத்துறை போடுகிறோம் என்றது மீன் இலாகா. மூன்றும் நியாயமான கேள்வி. நியாயமான ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் ஜெகபர் அலி வந்தான். என் சின்னம்மா மகன், சர்க்காரில் அதிகாரி. கரையோர ஊர்களைப் புயலில் இருந்து காப்பாற்றுகிற வேலைகளையெல்லாம் ஒருங்கிணைக்க அவனைப் போட்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பு என்ற சொல்லை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அவன் எல்லா இலாகாக்காரர்களையும் என் பால்வாடியில், குழந்தைகள் உட்காருகிற பாயில் உட்கார வைத்தான். சிங்காரமும் ஊர்க்காரர்களும் வந்தார்கள். கடல் வருஷா வருஷம் உள்ளே வருகிறது, இனி வரும் புயல்கள் முன்பு மாதிரி எப்போதோ ஒரு தடவை என்று இருக்காது, அதற்குள் வீடும் துறையும் ரோடும் ஒன்றாகத் தயாராக வேண்டும் என்று அவன் பேசினான். ஒவ்வொருத்தரும் மறுபடி அடுத்தவரைக் கை காட்டியபோது அவனுக்குக் கோபம் வந்தது.

"கடல் ஒவ்வொரு இலாகாவுக்கும் தனித்தனியாத் தேதி குடுத்து வராதுங்க," என்றான்.

அப்புறம் சிங்காரத்தைப் பார்த்து, எச்சரிக்கை கொடுத்தால் பெண்களும் குழந்தைகளும் வருகிறார்கள், ஆண்கள் ஏன் திட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டான். சிங்காரம் அடுப்புச் சட்டத்தைச் சொன்னார். கிளம்பினவன் அடுப்பு அணையும். அன்றைக்கு அவன் முறை வந்தால் அது தங்கினவனுக்குப் போகும். அதனால் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஊரில் சாவு விழுந்தால் மட்டும்தான் விதிவிலக்கு. சாவு மேளம் கேட்டதும் எல்லா அடுப்பும் அணையும், பிணம் எடுக்கிற வரைக்கும் ஒரு வீட்டிலும் உலை கிடையாது, பாடும் அப்படியே நிற்கும், யாருக்கும் முறை போகாது. ஜெகபர் அலி அதைக் கேட்டுக்கொண்டான். சிங்காரமும் சொல்லிவிட்டு ஏதோ யோசனையாக மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையப் போகிற நேரம். கதவோரம் நின்றிருந்த இந்திராணி உள்ளே வந்தாள். அவள் அத்தனை ஆண்களுக்கு முன்னால் பேசி நான் பார்த்ததே இல்லை.

"எனுக்குப் பாலமும் வேணாம், துறையும் வேணாம்யா," என்றாள். "ரெண்டு அடுப்புல ஒண்ண அணைக்க உத்தரவு குடுங்க."

எந்த அடுப்பை என்று ஜெகபர் அலி கேட்டான். அவள் சிங்காரத்தைப் பார்த்தாள். சாம்பல் தொட்டுப் பார்க்கிற ஆளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், அவரையும் பார்த்தாள்.

"எது அணைஞ்சாலும் சரி. ஒரு சட்டி சோறு போதும் எங்களுக்கு."

அன்றைக்கு வேலை நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மீதி வீடுகளும் படகுத்துறையும் தை மாதத்தில் ஆரம்பம் என்று மூன்று இலாகாவும் ஒத்துக்கொண்டன. அடுத்த வாரமே கரையில் துறைக்கு அளவெடுத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். இந்திராணி தண்ணீர்க் குடத்தோடு போகும்போதும் வரும்போதும் அந்தக் குச்சிகளைத் தொட்டு ஆட்டிப் பார்ப்பாள். உறுதியாக நிற்கிறதாம். தை வரட்டும் டீச்சர் என்பாள். ஆடி போனது, ஆவணி போனது. அந்த மாதங்களில் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை.

ஐப்பசி கடைசியில் என் டிரான்சிஸ்டரில் புயல் செய்தி வந்தது. திட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று ஜெகபர் அலி அங்கே ஆள் அனுப்பியிருந்தான். அன்று சாயங்காலம் வரைக்கும் ஆண்கள் யாரும் திட்டை விட்டு வரவில்லை. மறுநாள் காலை கோதண்டத்தின் முறை. அவன் எப்படி வருவான் என்று இந்திராணிதான் என்னிடம் கேட்டாள். பஸ் நின்றுவிட்டதால் நான் அன்றைக்குப் பால்வாடியிலேயே தங்கினேன்.

விடிந்தபோது மழை இன்னும் பிடிக்கவில்லை. வானம் ஈயச்சட்டி நிறத்தில் கிடந்தது. இந்திராணி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வழக்கம்போல வந்து திட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சவுக்குத் தோப்புக்கு மேலே ஒரு புகைகூட இல்லை. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கலாம், விறகு ஈரமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் காதைச் சாய்த்தாள். கீழ்க்காற்றில் விட்டு விட்டு மேளச் சத்தம் வந்தது. கல்யாண மேளத்தையும் சாவு மேளத்தையும் பிரித்தறிய அந்த ஊரில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாரு டீச்சர்," என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும். ராத்திரி முழுக்க ஏரியில் காற்று. அன்றைக்கு முறை யாருக்கோ, அவன்தான் இருட்டோடு வலை கட்டத் தண்ணீரில் இறங்கியிருப்பான். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். அவள் அழவில்லை. வீட்டுக்குள் போனாள். குடத்துத் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் கொட்டினாள். அது புஸ்ஸென்று அடங்கியது. ஈரச் சாம்பலுக்கு முன்னால் கால் மடித்து உட்கார்ந்து, ஒண்ண அணைங்கன்னு நான்தானே கேட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேளச் சத்தம் கிட்டத்தில் கேட்கத் தொடங்கியது. சாவு மேளம் ஏரியைத் தாண்டி வருமா. நான்தான் முதலில் எழுந்து ஓடிப் பார்த்தேன். புன்னைக்குப்பத்துப் படகுகள் எல்லாம் வந்துகொண்டிருந்தன. பாத்திரம், கோழி, கிழவிகள், சுருட்டிய வலை என்று திணித்துக்கொண்டு வந்தார்கள். முதல் படகில் சிங்காரம் நின்றிருந்தார், பக்கத்தில் மேளக்காரர். மூன்றாவது படகைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கோதண்டம் நடந்து வந்தான்.

யார் செத்தது என்று நான் சிங்காரத்தைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். யாரும் சாகவில்லையாம்.

"சாவு விழுந்தாதான் அடுப்பு அணையும், பாடு நிக்கும், ஆம்பளைங்க கெளம்புவாங்க டீச்சரம்மா," என்றார். "இன்னா பண்றது. ஊரே செத்துப்போச்சுன்னு மோளம் அடிச்சிட்டேன்."

இந்திராணி வாசலில் நின்றாள். கோதண்டம் அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் ஈர அடுப்பையும் பார்த்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் உள்ளே போய் அடுப்பில் இருந்த ஈரச் சாம்பலைக் கையால் வாரி வெளியே போட்டு, விறகைச் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்து மூட்டினான். அறை முழுக்கக் கறுப்புப் புகை. கிழவிகள் இருமினார்கள். இந்திராணி அப்போதுதான் அழுதாள். புகைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் புயல் அடித்தது. சுற்றியிருந்த பனைகள் முறிந்தன. காங்கிரீட் கூரை நின்றது. ஊரே அந்தக் காலனிக்குள் அடைந்து கிடந்தது. இந்திராணியின் ஒற்றை அறையில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், காலை நீட்ட இடமில்லை. அவளுக்கும் கோதண்டத்துக்கும் நடுவில் சிங்காரம் படுத்துக் குறட்டை விட்டார். ஆனாலும் அவள் விளக்கு வெளிச்சத்தில் அவனுக்குச் சோறு போட்டாள். வருஷக்கணக்கில் முதல் தடவையாக, சாப்பிட்ட பிறகு அவன் எழுந்து படகை நோக்கி ஓடவில்லை. எச்சில் கை காய்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தான். வெளியே உலகம் பிய்ந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் திருவிழாவுக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

காற்று நின்ற பிறகு ஆண்கள் போய்த் திட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு குடிசையும் இல்லை. ஒரு அடுப்பும் இல்லை. ஊரில் ஓர் உயிரும் போகவில்லை என்று ஜெகபர் அலி வந்து சிங்காரத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். எல்லோருக்கும் சந்தோஷம். இந்திராணிக்கு அதற்கு மேலும் ஒரு சந்தோஷம் இருந்தது. அடுப்பே இல்லாத ஊரில் அடுப்புச் சட்டம் எப்படி நிற்கும் என்று என் காதில் சொன்னாள். நானும் அதை நம்பினேன்.

ஆனால் புயலுக்குப் பிறகு எறா நன்றாக ஓடும். அதைவிட்டால் அந்த வருஷத்துக்குச் சோறில்லை. சிவப்புக் குச்சிகளையும் புயல் கொண்டுபோய்விட்டது. ரோடு, துறை, வீடு எல்லாவற்றையும் புதிதாக அளந்து பேச வேண்டும் என்றார்கள். தை என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. ஊர் எத்தனை நாள் காத்திருக்கும். சிங்காரம் மேளக்காரரைக் கூப்பிட்டு மேளம் அடிக்கச் சொல்லி, சாவுக்குப் போட்ட தடையை நீக்கினார். அடுப்புகள் எரியலாம், பாடு நின்ற இடத்திலிருந்து நடக்கலாம். நின்ற இடம் கோதண்டத்தின் முறை.

அவன் கரைக்கும் வீட்டுக்குமாக நடந்தான். மணல் திட்டில் கல் கிடைக்காது. அடுப்புக்கு மூன்று செங்கல் வேண்டும். காலனியில் மிச்சம் கிடந்த செங்கலை எல்லாம் முன்னால் போனவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கேட்கவில்லை. அவளும் அவன் கேட்கட்டும் என்று நிற்கவில்லை. தன் அடுப்பிலிருந்து மூன்று செங்கலையும் பெயர்த்தாள். அதில் இன்னும் காலை நேரத்துச் சூடு இருந்தது. சாக்கில் சுற்றி, கரைக்குத் தூக்கிப்போய் அவன் படகில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் திட்டில் கறுப்பாக ஒரு புகை எழுந்தது. இந்தக் கரையில் அவள் வீட்டுக் கூரையில் ஒன்றும் இல்லை. பால்வாடியில் என் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணுதான் எரியுது டீச்சர்," என்றாள். "நான் கேட்ட மேரியே ஆயிடிச்சு."

எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. சிங்காரத்தின் மேல், இலாகாக்களின் மேல், என் சின்னம்மா மகன் மேல், ஏரியின் மேல். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவளைத்தான் திட்டினேன், ராத்திரிக்குப் பட்டினியாகக் கிடக்காதே என்று. மறுநாள் வேறு கல் தேடி அடுப்பு வைத்தோம். சைக்கிள்காரர் வருகிற வாரம் அது.

அதற்கப்புறம் நான் மூன்று வருஷம் அந்தப் பால்வாடியில் இருந்தேன். ஜெகபர் அலியை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் எல்லோரையும் மறுபடி பாயில் உட்கார வைத்தார். கோதண்டம் மத்தியானம் வந்தான், சாயங்காலம் போனான். இந்திராணிக்கு முன்தலையில் நரை தெரிந்தது.

ஐப்பசி பிறந்தால் மட்டும் அவள் வேலையெல்லாம் போட்டுவிட்டு என் டிரான்சிஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். வங்கக் கடல் என்ற சொல் வந்தால் முதுகு நிமிரும். கடைசி வருஷம் ஒரு நாள், தாழ்வு மண்டலம் வடக்கே ஒரிசாப் பக்கம் போய்விட்டது என்று செய்தி முடிந்தது. காலனியே அப்பாடா என்று கலைந்தது. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இந்த வருசம் நம்ம பக்கம் வராதா டீச்சர்?"

அவளை அதட்டியிருக்க வேண்டும். நான் ரேடியோவை அணைக்காமல் அடுத்த செய்திக்காகச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.